பாதியில் நிற்கும் நெருப்பு

தேவநாதன் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்ததை ஒதியம்பட்டில் பார்த்தவர்கள் குறைவு. சோறு சாப்பிடும்போதுகூட அவனுடைய இடது கை தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். எழுந்துபோக ஒரு காரணம் கிடைத்துவிட்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவான்.

பத்தொன்பது வயதில், முதல் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறிப் பிரான்சுக்குப் போனவன் அவன். யுத்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், அங்கே ஆற்றங்கரையில் இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். 1931இல் அங்கே வேலை படுத்து ஆட்களைக் குறைத்தபோது, ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு பிஸ்கட் டின்னுமாக வந்து இறங்கினான். மாமன் மகள் தெய்வநாயகியைக் கட்டி வைத்தார்கள். அதனாலும் கால் தரையில் பாவவில்லை. சாராய வடிசாலையில் நான்கு மாதம், எண்ணெய்ச் செக்கில் ஆறு வாரம், வில்லியனூரில் ஒரு மரவாடியில் ஒரு மழைக்காலம் என்று பத்து வருடம் ஓடிவிட்டது. அண்ணன் கண்ணையனின் கரும்புக் கொல்லையில் மட்டும் அவன் இறங்குவதே இல்லை.

"ஒரு எடத்துல குந்துனா முள்ளு குத்துதா மாமா ஒனக்கு?" என்று தெய்வநாயகி கேட்பாள்.

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துப் பக்கம் போய்விடுவான்.

அப்படிப் போன ஒரு நாள்தான், 1941 கார்த்திகையில், பட்டணத்துத் துணி ஆலையின் மோட்டார் பட்டறை வாசலில் போய் நின்றான். பட்டறைக்குத் தலைவர் அந்தோணிசாமி. ஐம்பது வயது, பேச்சில் பிரெஞ்சு கலக்கும் கறாரான மனிதர். ஒரு பழைய டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மோட்டாருக்குள் செப்புக்கம்பி சுற்றியிருக்கும். ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டால் மோட்டார் புகைந்துவிடும். தொடாமலிருக்க மேலே ஒரு மெருகு பூசிச் சுட்டுக் காயவைப்பார்கள். அந்த மெருகு பிரான்சிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் யுத்தம் தொடங்கியதும் கப்பல் நின்றது, மெருகும் நின்றது.

தேவநாதன் குனிந்து டப்பாவை முகர்ந்தான்.

"இன்னாய்யா மோந்து பாக்கற? அல்வாவா கிண்டிக்கினு இருக்கேன்?"

"இது எனக்குத் தெரியும் முசே. வெள்ள ஊசி உப்பு ஒண்ணு கீது. அதயும் கிளிசரினயும் போட்டுக் காய்ச்சுனா இந்த மெருகு. அந்த உப்ப எங்க பேக்டரியிலதான் எடுத்தோம்."

"எதுலருந்து எடுத்தீங்க?"

"அந்துருண்டையிலருந்து. அந்துருண்டையும் காத்தும்."

அந்தோணிசாமி சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். "அலோர், அந்துருண்டைய கொளுத்துனா பொகதான் வரும். எனக்கும் கொஞ்சம் தெரியும்யா. அத பாதியில நிறுத்தறதுக்கு ஒரு சரக்கு வேணுமே?"

"வனாதியோம்னு ஒரு உலோகம் ஏத்துன கல்லு. எங்கிட்ட ஒரு டின்னு கீது."

"உங்கிட்ட ஏது?"

தொழிற்சாலையில் பழைய சரக்கை மாற்றும்போது குப்பையில் கொட்டியதை பிஸ்கட் டின்னில் அள்ளி வந்தேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். வேறு ஒன்று வந்தது.

"நான் செஞ்ச கல்லு முசே."

அந்தோணிசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "கால் கிலோ கொண்டா. தை மாசம் முடியறதுக்குள்ள. அதுக்கப்புறம் அந்த மூணு மோட்டாரையும் மெட்ராஸுக்கு அனுப்பிடுவேன். கொண்டாந்தன்னா எனக்கு இங்க ஒரு ஆளு வேணும். மூட்ட தூக்கறவன் வேணாம், அவங்க நெறைய பேரு கீறாங்க. தெரிஞ்ச ஆளு வேணும்."

தெரிஞ்ச ஆளு. ஒதியம்பட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்களும் சைக்கிள் சக்கரத்தோடு சுற்றின. பதிமூன்று வருடம் ஒரு தொழிற்சாலைக்குள் இருந்துவிட்டு வந்தவனை ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் தெய்வநாயகியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்: தை முடிவதற்குள் நடக்காவிட்டால் அடுப்பைப் பிரித்துவிடுவான், அதன்பிறகு அண்ணனோடு கரும்புக்குப் போவான், வேறெங்கும் போகமாட்டான்.

"இது பதினோராவது சத்தியம்" என்றாள் அவள். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் செய்ய நினைத்தது இதுதான். தொழிற்சாலையில் மேஸ்திரி ஒருநாள் சாக்குக்கட்டியால் தரையில் வரைந்து காட்டியிருந்தார்: தேன்கூட்டில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கண்கள் போல ஆறு பக்கமுள்ள இரண்டு கட்டங்கள். அந்துருண்டை என்பது அவ்வளவுதான். காற்றோடு சேர்ந்து ஒரு கண் மட்டும் எரிந்து உடைய வேண்டும். மற்றது முழுசாக நிற்க வேண்டும். அப்படி நின்றதுதான் ஊசி உப்பு. இரண்டும் எரிந்தால் மிஞ்சுவது கரியும் ஆவியும். இரண்டும் எரியாவிட்டால் போட்ட அந்துருண்டையே திரும்பி வரும். முழுதாக எரிவதற்கு யாருடைய உதவியும் வேண்டாம்; எரியாமலே இருப்பதற்கும் வேண்டாம். பாதியில் நிற்பதற்குத்தான் அந்தக் கற்கள்.

கரும்புக் கொல்லை ஓரத்தில், வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் பக்கத்தில், கருவேலங்கரி அடுப்பு ஒன்று கட்டினான். அதன்மேல் ஓர் ஆள் நீள இரும்புக் குழாயைப் படுக்கவைத்து உள்ளே கற்களை நிரப்பினான். ஒரு முனையில் மூடிய சட்டி. அதில் அந்துருண்டைகள், கீழே தணல். கொல்லனிடம் கேட்டு வாங்கிய துருத்தி அந்தச் சட்டி வழியாகக் காற்றை ஊதும். காற்று அந்துருண்டையின் ஆவியை அள்ளிக்கொண்டு குழாய்க்குள் போகும். மறுமுனை நெல் கொட்டும் ஒரு காலி மண்குதிருக்குள் திறந்தது. உப்பு வருமானால் அங்கே ஆறி, பஞ்சுபோல ஒட்டும்.

சூடு எவ்வளவு என்று காட்டும் கருவி அவனிடம் இல்லை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழியை மெச்சத்தான் வேண்டும். குழாய் மேல் பதித்த ஓர் இரும்புக் கட்டியில் இரண்டு குழிகள் போட்டான். ஒன்றில் வீராம்பட்டினத்து வலைக்காரர்களிடம் வாங்கிய ஈயக்குண்டு. மற்றதில் செத்துப்போன டார்ச் பேட்டரிக் கட்டையிலிருந்து உரித்த துத்தநாகத் தகடு. ஈயம் உருகியிருக்க வேண்டும், துத்தநாகம் உருகக் கூடாது. அந்த இடைவெளிக்குள்தான் வேலை.

கண்ணையன் வரப்பில் நின்று பார்த்தார். "டேய் தேவா, நான் கரும்பு காச்சுறேன், வெல்லமாவது வருது. நீ காத்த காச்சுறியே, வாயில இன்னாத்தடா போடுவ?"

"இது வாயில போடற சரக்கு இல்லண்ணே."

"அதான் தெரியுதே. பத்து வருசமா பாக்குறேன், உன் சரக்கு எதுவும் வாய்க்கு வரல."

முதல் தடவை ஈயம் உருகவே இல்லை. குதிருக்குள் அந்துருண்டை வாசனையோடு அந்துருண்டையே செதில் செதிலாக வந்து கிடந்தது. இரண்டாம் தடவை கரியைக் கூட்டினான். ஈயம் உருகியது. கொஞ்ச நேரத்தில் அவன் கரி போடாமலே சூடு ஏறிக்கொண்டு போயிற்று. குழாயின் நடுவில் ஓர் இடம் செக்கச்செவேலென்று ஆனது. துத்தநாகம் தளும்பியது. குதிரின் வாயிலிருந்து கறுப்புப் புகை எழுந்து கரும்புத் தோகை மேல் படிந்தது. மூன்றாம் தடவையும் நான்காம் தடவையும் அதே கதை. எரிய ஆரம்பித்தால் கல் சூடாகும், சூடானால் இன்னும் வேகமாக எரியும், நடுவில் எங்கும் நிற்காது. துருத்திக் காற்றைக் குறைத்துப் பார்த்தும் பலனில்லை; தொழிற்சாலையில் அதைத் தடுக்க வேறு என்ன செய்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் அவன் இருந்ததே இல்லை.

போகிக்கு மூன்று நாள் முன்னால் குழாயைக் கவிழ்த்துக் கற்களைக் கொட்டினான். எல்லாம் கரிப்பிடித்த கல்.

"பூரா அழுக்கு ஏறிப்போச்சு தெய்வு. இனிமே இதுங்க வேல செய்யாது" என்று சொல்லிவிட்டுக் கொல்லையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மறுநாள் விடிந்ததும் இன்னும் அந்துருண்டை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். கல்லே போன பிறகு அந்துருண்டை எதற்கு என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கூனிச்சம்பட்டில் ஒரு பழைய கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டு, போகி அன்று மத்தியானம் திரும்பினான்.

முற்றத்தில் பொங்கலுக்கு முன் துலக்கிய பாத்திரங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம். அவற்றோடு ஒரு முறத்தில் வெள்ளை வெளேரென்று கற்கள்.

"பாரு மாமா. எப்படி கீது? பல்லாட்டம் ஆயிடுச்சு பாரு" என்றாள் தெய்வநாயகி.

தேவநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"எதுல கழுவுன?"

"புளியிலதான். கரிப்புடிச்ச தவலைய வேற எதுல கழுவுவாங்க? ரெண்டு நாளா ஊறவெச்சு, கொஞ்சம் கொதிக்கவெச்சுக் கழுவுனேன். உன் கல்லுக்குன்னு தனிச் சட்டி."

"தண்ணி எங்க?"

"பாதிய வாழைக்கு ஊத்திட்டேன். அப்புறம் பாத்தா மயில் கழுத்தாட்டம் நெறம் இருந்திச்சு. ஆடு கீடு குடிச்சுடப்போவுதுன்னு பயந்துக்கினு மிச்சத்த மூடி வெச்சேன்."

"அடி பாவி! கல்லு மேல இருந்ததுதாண்டி சரக்கே! வெள்ளக் கல்ல வெச்சிக்கினு நான் ஊறுகா போடவா?"

அவளும் விடவில்லை. "அழுக்கு ஏறிப்போச்சுன்னு நீதானே சொன்ன? அழுக்குன்னா கழுவுவாங்களா, சூடம் காட்டுவாங்களா?"

அவன் முறத்தை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினான். உதைக்கவில்லை. தணிந்த குரலில் வேறொன்றைச் சொன்னான். "அது நான் செஞ்ச கல்லு இல்ல தெய்வு. அந்த ஆளுகிட்ட பொய் சொல்லிட்டேன். கல்லு செய்ய எனக்குத் தெரியாது."

"அப்ப அங்க பதிமூணு வருசம் இன்னாதான் செஞ்ச?"

"முள்ளப் பாத்துக்கினு நின்னேன்."

"எந்த முள்ள?"

"சூடு காட்டற முள்ள. அது ஒரு கோட்டத் தாண்டுனா காத்துக் கொழாய திருவணும். தாண்டாட்டி சும்மா நிக்கணும். எட்டு மணி நேரம் நிக்கணும். குந்தக் கூடாது."

தெய்வநாயகி உள்ளே போய், மூடி வைத்திருந்த சட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். கொட்டுவதென்றால் நீயே கொட்டிக்கொள் என்பதுபோல.

தேவநாதன் தண்ணீரைப் பார்த்தான். புளியின் பழுப்புக்கு அடியில் நீலம், ஓரத்தில் பச்சை. இந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்பது வர நேரமாயிற்று. தொழிற்சாலையில் முறை மாறும்போது நடந்து போகும் நடையில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. அதற்குள் போக அவனுக்கு அனுமதியில்லை. கதவு வழியாக, ஒரு பெண் நீளக் கரண்டியால் எனாமல் தொட்டியிலிருந்து நீலத் தண்ணீரை மொண்டு வெள்ளைக் கற்கள் மேல் ஊற்றுவதைப் பல முறை கண்டிருக்கிறான். கதவிடுக்கில் புளித்த நெடி வரும். சாயம் போடுகிறார்கள் என்று நினைத்துக் கடந்து போய்விடுவான். அதே அறையின் மறுபக்கத்து அடுப்பிலிருந்து தட்டுகள் வெளியே வரும்போது கற்கள் நீலமாக இருக்காது. பழுத்த பாக்கு நிறத்தில் இருக்கும், வேலை செய்யும் கல்லின் நிறம்.

"தெய்வு, வடிகட்ட ஒரு துணி குடு" என்றான்.

"எதுக்கு?"

"நீ எறக்கனத திருப்பி ஏத்தறதுக்கு."

பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கியது. நீலத் தண்ணீரை வடிகட்டி, பாகு பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சினார்கள். பதம் பார்த்தது தெய்வநாயகி. கற்களை அதில் புரட்டி, இரும்புச் சட்டியில் போட்டு, கண்ணையனின் வெல்ல அடுப்பில் வறுத்தார்கள். புளி கருகும் வாசனை கொல்லை முழுக்கப் பரவியது.

"இன்னாடா, கொழம்பு வெக்கிறீங்களா எம் அடுப்புல?" என்றார் கண்ணையன்.

"ஆமாம் பெரிய மாமா. கல்லுக் கொழம்பு. உங்களுக்கும் ஒரு கரண்டி எடுத்து வெக்கிறேன்" என்றாள் தெய்வநாயகி.

கற்கள் முதலில் கறுத்தன. இரண்டு நாள் விடாமல் வறுத்துக் கிளறிய பிறகு கறுப்பு விலகி, ஓரங்களில் பழுத்த பாக்கு நிறம் வந்தது. தேவநாதன் ஒரு கல்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரக்கு பாதிதான் மிச்சம். மீதி வாழைக்குப் போய்விட்டது. பாதிக் கற்களுக்குத்தான் ஏறியிருந்தது; ஆகவே குழாயையும் பாதியாக அறுத்தான்.

தை இருபத்தொன்றாம் தேதி காலையில் அடுப்பு மூட்டினார்கள். துருத்தியைக் கண்ணையன் ஊதினார். இந்தக் கூத்து எப்போது முடியும் என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டே ஊதினார். ஈயம் உருகியது. தேவநாதன் துத்தநாகத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழாயின் நடு இந்தமுறையும் சிவக்கும், இதோ சிவக்கும் என்று காத்திருந்தான். சிவக்கவில்லை. சூடு ஏறியது, ஓரிடத்தில் நின்றது. புளியிலிருந்த ஏதோ ஒன்று கற்களின் மூர்க்கத்தைக் குறைத்துவிட்டதா, சரக்கு பாதியானதுதான் காரணமா, அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவனை உறுத்தியது. ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டுக் கல்லை வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

மூன்றாம் நாள் குதிரின் வாயைத் திறந்தபோது உள்சுவரெல்லாம் வெள்ளையாக, லேசான மஞ்சளோடு, ஊசி ஊசியாகப் பூத்திருந்தது. கண்ணையன் எட்டிப் பார்த்து அடுக்கடுக்காகத் தும்மினார்.

"வந்துடுச்சா?" என்றாள் தெய்வநாயகி.

"தெரியல. அந்துருண்டையே திரும்பி வந்திருந்தாலும் வெள்ளையாத்தான் இருக்கும். இந்த உப்பு வெந்நீர்ல கரைஞ்சா புளிக்கும். அங்க ஒரு காயிதம் வெச்சிருப்பாங்க, புளிப்பு பட்டா நெறம் மாறும். அதுக்கு நான் எங்க போவேன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆலம் கரைக்கட்டா?"

"இப்ப யாருக்கு ஆலம் சுத்தப்போற?"

"சுத்தறதுக்கு இல்ல மாமா. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவப்பாவுது இல்ல? அதுல புளித்தண்ணி பட்டா மறுபடியும் மஞ்சளாயிடும். தாம்பாளம் கழுவறப்ப எத்தினி தடவ பாத்திருக்கேன்."

இரண்டு கிண்ணங்களில் ஆலம் கரைத்தாள். ஒன்றில் அந்துருண்டைப் பொடி போட்ட வெந்நீரை ஊற்றினான். சிவப்பு அப்படியே நின்றது. மற்றதில் குதிரிலிருந்து சுரண்டிய ஊசிகளைக் கரைத்த வெந்நீரை ஊற்றினான். சிவப்பு ஓரத்திலிருந்து கலைந்து, முழுதும் மஞ்சளாயிற்று. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணையன்தான் முதலில் நிமிர்ந்தார்.

"சரி, மஞ்சளாயிடுச்சு. அடுத்து இன்னா?" என்றார்.

கால் கிலோ சேர மேலும் நான்கு நாள் ஆனது. தை இருபத்தெட்டாம் தேதி அந்தோணிசாமியிடம் பொட்டலத்தைக் கொடுத்தான். அவர் அதைக் கிளிசரினோடு காய்ச்சி, ஒரு மோட்டாரின் சுருளுக்குப் பூசி, சுட்டு, மூன்றாம் நாள் ஓட்டிப் பார்த்தார். மோட்டார் புகையாமல் ஓடியது. மத்தியானம்வரை ஓடவிட்டார். அதன்பிறகுதான் பேசினார்.

"நீ செஞ்ச கல்லுல எடுத்ததா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. இப்போது அதில் பாதிக்குமேல் பொய்யும் இல்லை. தேவநாதனின் கை பட்டறை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல முசே. அன்னிக்கு சொன்னது பொய்யி. அது பேக்டரியில கொட்டன கல்லு. நான் அங்க முள்ளப் பாத்துக்கினு நின்னவன். இந்தக் கல்ல எம் பொண்டாட்டி புளியில கழுவிட்டா. அந்தத் தண்ணிய திருப்பி ஏத்தி வறுத்தோம். முன்ன நிக்காத நெருப்பு இப்ப நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது."

அந்தோணிசாமி சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"மறுபடி செய்ய முடியுமா?"

"அதுவும் தெரியாது."

"அலோர், மோட்டார மெட்ராஸுக்கு அனுப்பல. ஒரு மாசம் டைம். இன்னொரு தடவ செஞ்சு கொண்டா. அப்ப பேர எழுதறேன். இப்ப எழுதமாட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும் வேலை, ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. சைக்கிளை மிதித்து வரும்போது அவனுக்கு அதில் வருத்தமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டான்: "தெய்வு, அன்னிக்கு எவ்ளோ புளி போட்ட?"

"எவ்ளோன்னா? கைக்கு வந்ததப் போட்டேன்."

தராசை எடுத்து வைத்தான். "அதே மாதிரி அள்ளு."

அவள் அள்ளினாள். நிறுத்து எழுதிக்கொண்டான். மறுபடி அள்ளச் சொன்னான். ஐந்து தடவை அள்ளினாள். ஐந்தும் ஐந்து எடை.

"இதுல எது?" என்றான்.

"எனக்கு எப்படித் தெரியும்? அஞ்சயும் எழுதிக்கோ. அஞ்சயும் செஞ்சு பாரு" என்றாள் அவள்.

குழாயிலிருந்த கற்களை ஐந்து பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒவ்வோர் எடைப் புளியில் கழுவி, அதன் நீலத்தை அதற்கே ஏற்றி வறுத்தான். இரண்டு பங்கு சிவந்து புகைந்தன. ஒன்றில் அந்துருண்டையே திரும்பி வந்தது. நான்காவதில் நெருப்பு பாதியில் நின்றது. ஐந்தாவதிலும் ஏறக்குறைய நின்றது. மாசிக் கடைசியில் இரண்டாவது பொட்டலம் ஆலைக்குப் போனது. அந்தோணிசாமி நோட்டில் அவன் பெயரை எழுதினார்.

மோட்டார் பட்டறையில் தேவநாதனுக்கு உட்கார ஒரு முக்காலி கொடுத்தார்கள். அதில் அவன் உப்பு அடுப்புத் துருத்தியின் தோலைக் காயப்போட்டு வைத்திருந்தான்.